கூப்பிட்டால் பதறாத பேர்

சங்ககிரி ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று விடிந்ததுமே நடக்க ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் தலையில் தகரப்பெட்டி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால்.

அது சண்டைக்காலம். பெட்ரோல் கிடைக்காமல் லாரிகளின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்றம் வந்தால் லாரி மூச்சு வாங்கி நின்றுவிடும். அவர் ஓட்டிய லாரியை முதலாளி ஒருநாள் கொட்டகையில் நிறுத்தியே விட்டார். பட்டாளத்தில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இவர் போய்ச் சேர்ந்துகொண்டார். சேர்ந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்.

ஸ்டேஷனில் பெஞ்சு இருந்தது. அதில் நான் உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். தொட்டியில் வழிந்த தண்ணீர் முதுகுப் பக்கம் புடவையை நனைத்தது. அந்த வெயிலுக்கு அது இதமாக இருந்தது.

சற்றுத் தள்ளி ஒரு குடும்பம். அந்த அம்மாள் காலில் செருப்புப் போட்டிருந்தார். கவுன் போட்ட நாலைந்து வயசுப் பெண் ஒன்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

“விமலா, இங்கே வா” என்று அந்த அம்மாள் கூப்பிட்டார்.

அந்தப் பிள்ளை உடனே திரும்பவில்லை. தண்டவாளத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதைப் பார்த்து முடித்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, “என்னம்மா?” என்று கேட்டது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னை யாராவது கூப்பிட்டால், கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் எழுந்து நிற்பேன். உடம்பு பழகிய பழக்கம் அது. தன் பேரைக் கேட்டுப் பதறாத ஒரு பெண்பிள்ளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ரயில் வந்துவிட்டது. அவர் ஏறி ஜன்னல் ஓரமாக நின்றார்.

“பொறந்ததும் எங்கக்காளை வரச்சொல்லிப் பேரு வெச்சுரு புள்ள. எனக்கோசரம் காத்துக்கிட்டு இருக்காதே.”

“என்ன பேருங்க வெக்கறது?”

அவர் ஏதோ சொன்னார். அதே நேரத்தில் இஞ்சின் ஊதியது. கொஞ்ச தூரம் கூடவே நடந்து, “என்னங்க, என்னங்க” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். கேட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

நல்லம்மாளாக இருந்தவள்

என் பேருக்கு வந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஒரு பேருக்காக இவள் ஏன் இவ்வளவு அலட்டிக்கொண்டாள் என்று தோன்றும்.

எங்களுக்குத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அப்பா ஒரு பெரிய வீட்டுப் பண்ணயத்தில் ஆள். நிலத்துக்காரரைப் பண்ணாடி என்றும் அவர் வீட்டம்மாவை ஆத்தா என்றும் சொல்வோம். எனக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் நல்லம்மாள். எனக்கு விவரம் தெரிகிற வயசில் பண்ணாடி மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்த மருமகள் பேரும் நல்லம்மாள்.

ஒருநாள் அப்பா கிணற்று மேட்டில் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டிக்கொண்டிருந்தார். தோல் பையில் தண்ணீர் ஏறி வந்து வாய்க்காலில் விழும். மடை மாற்றிவிட வேண்டியது நான். நான் ஒரு ஓணானைத் துரத்திக்கொண்டு போய்விட்டேன். தண்ணீர் வேறு பாத்திக்குப் பாய்ந்துவிட்டது.

“அடி நல்லம்மா, கழுதை, எங்கடி போய்த் தொலஞ்சே” என்று அப்பா கத்தினார்.

வேலியோரம் பெரிய ஆத்தா நின்றிருந்தார். கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“இப்படி நீ வையறது ஊடு வரைக்கும் கேக்குது. எம் மருமவ முந்தாநேத்துக் கண்ணுல தண்ணி உட்டுட்டா. உம் புள்ளைக்கு வேற பேரு வெச்சுக்க.”

“ஆமாங்க சாமி” என்றார் அப்பா. மாடுகளைக்கூட நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பா என்னை மடியில் உட்கார வைத்து, “இனிமேட்டு உன்னயச் சின்னின்னு கூப்புடறோம் சாமி” என்றார். அம்மா துடுப்பைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுகூட என்னை யாரும் நல்லம்மாள் என்று கூப்பிட்டதில்லை.

அந்த மருமகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவள், அவ்வளவுதான். அவளும் அழுதிருக்கிறாள். எதற்கு அழுதாள் என்று இப்போது யோசித்தால் ஓரளவு புரிகிறது. புது ஊர், புது வீடு. எவனோ ஒருத்தன் தன் பேரைச் சொல்லிக் கழுதை என்கிறான்.

பேரின் வால்

எங்கள் பக்கத்தில் பேரைக் கேட்டால் போதும், வீட்டின் உயரம் தெரிந்துவிடும். தலை எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். வாலில்தான் வித்தியாசம். ஓட்டு வீட்டுக்காரி என்றால் கருப்பம்மாள். கூரை வீட்டுக்காரி கருப்பாயி. அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறவள் கருப்பி. கையில் நாலு காசு சேர்ந்தால் ஆயி மெல்ல அம்மாள் ஆவதுண்டு. சொத்துப் போனால் வாலும் சுருங்கும். எனக்கு எல்லாவற்றிலும் குட்டையான வால் கிடைத்தது.

சேலத்துப் படித்த வீடுகளில் அந்தக் காலத்தில் வேறு மாதிரிப் பேர்கள் வந்துகொண்டிருந்தன. சரோஜா, பிரேமா, வசந்தா, விமலா. இவற்றுக்கு வாலே கிடையாது. யாரும் வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது என்று நினைத்தேன். ஸ்டேஷனிலிருந்து தனியாகத் திரும்பி நடந்த வழியெல்லாம் எனக்கு இதே யோசனை.

ரைட்டரம்மா கேட்ட கேள்வி

நாங்கள் குடியிருந்தது கோட்டை மலை தெரிகிற ஒரு தெருவில், தாலுகா ஆபீஸ் ரைட்டர் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறை. ரைட்டரின் மனைவியை ஊரே ரைட்டரம்மா என்றுதான் கூப்பிடும். அவருடைய சொந்தப் பேர் எனக்குக் கடைசிவரை தெரியாது. என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போன பிறகு நான் அந்த வீட்டில் பாத்திரம் துலக்கி, மாவாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெண்குழந்தை பிறந்தது. பேர் என்ன வைக்கப் போகிறாய் என்று ரைட்டரம்மா கேட்டார். ஸ்டேஷனில் கேட்ட பேரைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் கேட்டார். “நல்ல பேருதான் சின்னி. ஆனா நாளைக்கு அவ வேலைக்குப் போற வீட்டுல யாருக்காவது அந்தப் பேரு இருந்துதுன்னா?”

அவர் நல்ல மனுஷி. நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது தினமும் ரசம் வைத்து அனுப்பியவர். பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தை ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டுக்கு வேலைக்குப் போகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. அதைவிட உறுத்தியது, எனக்கும் அதில் சந்தேகம் இல்லாமல் இருந்ததுதான்.

போஸ்டாபீஸ் வாசலில் எழுதிக்கொடுப்பவரிடம் சொல்லி, பட்டாளத்தில் இருந்த என் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் போட்டேன். அன்றைக்கு ரயிலில் என்ன பேர் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

அத்தைக்குத்தான் உரிமை

மேச்சேரியிலிருந்து அவருடைய அக்கா வந்தார். புருஷனின் அக்காவை நாங்கள் நங்கையா என்போம். ஆடு வளர்க்கிற குடும்பம். வந்து இறங்கியதுமே அறை முழுக்க ஆட்டு வாசம் பரவிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. பல நாள் கழித்து அந்த அறைக்குள் இன்னொரு ஆள் இருக்கிற வாசம்.

குழந்தைக்குப் பேர் சொல்கிற உரிமை அத்தைக்குத்தான். அவர் முன்பே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.

“எங்க கொலசாமி காளி. மூத்த பொட்டப்புள்ளைக்கு அவ பேருதான். எங்கம்மா காளியம்மா, எம் மவ காளியம்மா.”

நான் சொல்ல நினைத்த பேரைச் சொன்னேன்.

“அது ஆரு பேரு?”

“ஆரு பேரும் இல்லீங்க நங்கையா. ஸ்டேசன்ல கேட்டனுங்க.”

“ஸ்டேசன்ல கேட்ட பேரையா புள்ளைக்கு வெப்பாங்க?” குழந்தையின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பேசினார். “பேரைப் பெருசா வெச்சுப்போட்டுப் புள்ளய ஆட்டுப்பட்டிக்கு அனுப்புவியா? அந்தப் பேரச் சொல்லிப் புளுக்கை கூட்டுடின்னா ஊரு சிரிக்காதா?”

“புளுக்கை கூட்ட அனுப்ப மாட்டனுங்க.”

“அப்பறம் எங்க அனுப்புவே?”

எனக்குத் தெரியவில்லை. வேறு இடம் எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இருந்திருந்தால் அக்காவிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பாரா என்று நினைத்துப் பார்த்தேன். பேசியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றியது. அப்போதும், அவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்று இருந்தது.

பேர் வைக்கும் நாளன்று ரைட்டரம்மாவும், தெருவில் இருந்த மற்ற டிரைவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நங்கையா குழந்தையை மடியில் போட்டு, வெற்றிலையைச் சுருட்டிக் காதில் வைத்துக் குனிந்தார். வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. காளி என்று சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மறுபடி குனிந்து இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி, “உமலா” என்றார்.

“இதுக்கு மேல எனக்கு நாக்குப் பொரளாது புள்ள” என்றார் என்னிடம். “காளிகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

மறுநாள் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

உதட்டைப் பல்லால் தொட்டு

நங்கையா கிளம்பிய பிறகு ரைட்டரம்மா சொன்னார்: “உமலா இல்லை சின்னி. விமலா. உன் நாத்தனாருக்கு வரலைன்னா பரவாயில்லை, நீயாவது சரியாச் சொல்லு.”

“நான் உமலான்னுதானுங்க சொல்றேன்” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பேச்சில் வீடு என்பது ஊடு, விடு என்பது உடு. விமலாவை ஸ்டேஷனில் நான் சரியாகத்தான் கேட்டேன். என் வாய்க்கு வரும்போது அவள் உமலா ஆகிவிட்டாள். இத்தனை நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவேயில்லை.

கீழுதட்டை மேல்பல்லால் தொட வேண்டும் என்று ரைட்டரம்மா செய்து காட்டினார். மத்தியானம் வேலை முடிந்ததும் அறைக்கு வந்து சொல்லிப் பார்ப்பேன். வி. வி. குழந்தை தொட்டிலில் கிடந்தபடி என் வாயையே பார்க்கும். மகளின் பேரைச் சொல்லத் தாய் பழகிக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்காவது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாக இருக்கும். ஆனால் தெரிந்துகொள்ள அங்கே யாருமில்லை.

எனக்கு வந்துவிட்டது. வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. தெருவில் அவள் டிரைவர் புள்ளை. ரைட்டர் வீட்டில் பாப்பா. கடைக்காரருக்குச் சின்னி மவள். அந்த ஊரில் அவளை விமலா என்று கூப்பிட்டது நான் ஒருத்திதான். சில நாள் யாரிடமும் பேச்சு இருக்காது. அப்போது காரணமில்லாமல் கூப்பிடுவேன். அவள் திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்ல இருக்காது.

அவள் தவழ ஆரம்பித்திருந்தபோது பட்டாளத்திலிருந்து தபால் வந்தது. ரைட்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை மனசுக்குள் படித்தார். பிறகு சொன்னார்.

“அஸ்ஸாம் பக்கம் ஏதோ மலைப்பாதையாம். காணவில்லைன்னு போட்டிருக்கிறது. அவ்வளவுதான் போட்டிருக்கிறது.”

செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் நான் தாலியைக் கழற்றவில்லை. நங்கையா வந்து அழுதார். “மேச்சேரிக்கு வந்துரு புள்ள, கஞ்சியோ களியோ ஒண்ணாக் குடிக்கலாம்” என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. போயிருந்தால் தனியாக இருந்திருக்க மாட்டேன். விமலா ஆட்டுப்பட்டியில் இருந்திருப்பாள்.

குட்டி

அவளுக்கு ஐந்து வயசு இருக்கும். ரைட்டர் மகன் சேலத்தில் வேலையாக இருந்தான். அவன் தன் மனைவியோடு ஊருக்கு வந்திருந்தான். விமலா பின்வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏய் குட்டி, அந்தச் சொம்பை எடு” என்றாள் அந்த மருமகள்.

விமலா திரும்பவில்லை.

“கூப்பிட்டால் திரும்ப மாட்டாளா?”

என் கை குழவியின் மேலேயே நின்றுவிட்டது. விமலா கொட்டைகளைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்து, “எம் பேரு விமலா” என்றாள். துடுக்காகச் சொல்லவில்லை. தெரியாதவருக்குத் தெரியப்படுத்துவது போலச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சொம்பையும் எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மாமியாரைப் பார்த்து, “எங்க அண்ணி பேரும் அதுதானே அத்தை. இவளைப் போய் எப்படி அப்படிக் கூப்பிடறது? குட்டின்னே இருக்கட்டும்” என்றாள்.

ரைட்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மருமகள் இருந்த நாளெல்லாம் விமலா அந்த வீட்டில் குட்டி. அவர்கள் சேலம் போன பிறகும் ரைட்டரம்மா வாயில் ஓரிரு தடவை குட்டி என்றே வந்தது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. பேர் அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியும். யாரும் பிடுங்குவதில்லை. புழங்காமல் போய்விடும், அவ்வளவுதான்.

எழுதி வைத்துவிட்டால் போகாது என்று தோன்றியது. அந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மலைச்சாமி பேர்

வாத்தியார் சின்ன வயசுக்காரர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் வாசற்படிக்கு வெளியே நின்றோம். உள்ளே வரச் சொன்னார்.

“பேர் என்ன?”

நான் உதட்டைப் பல்லால் தொடுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். அவர் தலை தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். என் புடவையைப் பார்த்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. மையைத் தொட்டு எழுதினார். ஈர எழுத்து வெயிலில் மினுங்கியது. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. அவர் எழுதியது அந்தப் பேர்தான் என்று நம்பினேன். பிற்பாடு அவளோடு சேர்ந்து நானும் அ, ஆ படித்தது வேறு கதை.

“அப்பா பேர்?”

இதை நான் யோசித்திருக்கவில்லை. புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எங்காவது சொல்ல வேண்டி வந்தால் கூட வந்தவர்கள் சொல்வார்கள். என் கூட யாரும் வரவில்லை.

“மலைச்சாமி பேருங்க” என்றேன்.

“பழனியா?”

தலையாட்டினேன், இல்லை என்று.

“முருகன்? வெங்கடாசலம்? அருணாசலம்?”

பாவம், பொறுமையாகத்தான் கேட்டார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆள் வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டுப் போவது போல இருந்தது. அதில் ஒருத்தரும் அவர் இல்லை. பின்னால் வேறு பெற்றோர் காத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மை தொட்ட பேனாவைக் காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டிருந்தார். சலித்துப் போய் ஏதாவது ஒன்றை எழுதிவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது.

“மாதையனுங்க” என்றேன்.

மேச்சேரிப் பக்கத்து ஆட்கள் கும்பிடுகிற மலைச்சாமியின் பேர், கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லாத பேர். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா சொல்வாள். இனி அவர் வர மாட்டார் என்று நானே ஒத்துக்கொண்டது போல ஆகிவிட்டது. வாத்தியாருக்கு அது எதுவும் தெரியாது. எழுதி முடித்து, “திங்கட்கிழமை அனுப்புங்கள்” என்றார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். விமலா என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

“மாதையன்னா ஆரும்மா?”

நான் நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து அவள் காதில் அந்தப் பேர் விழுந்ததேயில்லை. நான் சொல்ல மாட்டேன். தெருக்காரர்களுக்கு அவர் டிரைவர். நங்கையாவுக்குத் தம்பி.

“உங்கொப்பன், சாமி” என்றேன்.

“மாதையன்” என்று சொல்லிப் பார்த்தாள். பிடித்துவிட்டது போல. கல்லை எத்திக்கொண்டு, ராகம் போட்டு, “மாதையன், மாதையன்” என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

அப்பன் பேரைப் பிள்ளை அப்படிச் சொல்லக் கூடாது. எதிரே வந்த ஒரு கிழவர்கூட முறைத்துப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. வீடு வரைக்கும் சொல்லட்டும் என்று பின்னாலேயே நடந்தேன்.